பச்சோணானுக்குப் பிரசவம்

1

உன் அக்கா ஜெர்மனியில் என்ன செய்கிறாள் என்று ஊரில் யாராவது கேட்டால், என் தம்பி ஏழுமலை இத்தனை வருடமும் ‘ஆஸ்பத்திரியில் வேலை’ என்று கொஞ்சம் கூட்டியே சொல்லிவந்தான். நான் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில். இனிமேல் அவன் உள்ளதையே சொல்லிவிடலாம். உன் அக்கா அங்கே ஒரு பச்சோணானுக்குச் சீக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். போன மாதம் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும்தான் சிரித்திருப்பேன்.

பச்சோணான் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. சங்கராபுரம் தாண்டி, கல்வராயன் மலைக்கு ஏறுகிற ரோட்டில் எங்கள் ஊர். பத்திரிகையில் பச்சோந்தி என்று போடுவார்கள், அதுவும் பெரும்பாலும் கட்சி மாறியவர்களைத் திட்டுவதற்கு. பள்ளிக்கூடம் போகிற வழியில் அது வேலிமேல் உட்கார்ந்திருந்தால், முறைத்துப் பார்த்தால் காய்ச்சல் வரும் என்று சொல்லிக்கொண்டு முகத்தைத் திருப்பி ஓடுவோம். அதற்குமேல் அதோடு எனக்கு ஒரு பழக்கமும் கிடையாது. அந்தப் பிராணி இப்போது என் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், விளக்கு வெளிச்சத்தில் வாழ்கிறது. நான் அதற்கு வெட்டுக்கிளி வாங்கிப் போடுகிறேன். வெட்டுக்கிளியைக் கடையில் டப்பா டப்பாவாக வாங்குகிறேன் என்று கேட்டதும் தம்பி நம்பவே இல்லை.

“இன்னாக்கா சொல்ற,” என்றான். “இங்க சோளத்துல வந்து மொய்க்குது, மருந்தடிச்சு மாளல. அட்ரஸ் குடு, மூட்டை கட்டி அனுப்புறேன்.”

வளர்த்தது நானில்லை, என் மகன் கதிர். நம் ஊர் ஜாதி இல்லை இது. ஏமன் தேசத்து ஜாதி, தலையில் கொண்டை மாதிரி ஒரு மேடு இருக்கும். ஆனால் பிறந்தது இங்கேதான், என் மகனைப் போல. லோட்டே என்று பெயர் வைத்தான். எனக்கு அது வாயில் ஒட்டவில்லை. எங்கள் ஊர் ஏரிக்கரையில் இருக்கிற அம்மனின் பெயரைப் பிடித்து பச்சையம்மா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவன் படிக்க வடக்கே போனான். விடுதியில் பிராணி வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். “கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோம்மா” என்றான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

வீட்டில் வேறு யாரும் கிடையாதா என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரர் இருக்கிறார், வேறு ஊரில், வேறு வீட்டில். அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

கதிர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவான். சில ஞாயிறு மறந்துவிடுவான். கூப்பிட்டால் வீடியோவில்தான் வருவான். “நல்லா இருக்கியாம்மா” என்பான், நான் வாயைத் திறப்பதற்குள் “லோட்டே சாப்பிட்டாளா? போனைத் திருப்பு” என்பான். போனைப் பெட்டிப் பக்கம் திருப்பிப் பிடிப்பேன். அதற்கப்புறம் அவன் பார்க்கிற படத்தில் நான் இருக்க மாட்டேன். என் கை வலிக்கும்வரை அவளைக் காட்டிக்கொண்டு நிற்பேன், பின்னாலிருந்து அவன் குரலைக் கேட்டுக்கொண்டே.

2

பச்சையம்மா சாப்பாட்டை நிறுத்தினாள். முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கே அந்த வாரம் பசியில்லை. வெட்டுக்கிளி அவள் மூக்குக்கு நேராக ஏறி இறங்கியது, அவள் ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அவள் நிறமும் மாறியது. பச்சை போய்க் கறுத்து, அதன்மேல் நீலமும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பண்டிகைக்குப் புடவை உடுத்தினவள் மாதிரி. நான் அதைப் போட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினேன், அழகாக இருக்கிறாளே என்று.

பதில் எழுதவில்லை, உடனே கூப்பிட்டான். அது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை என் மகன் என்னைக் கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே நினைவில்லை.

“அம்மா, அவ கிளையில இருந்து கீழ இறங்கறாளா?”

“ஆமாண்டா, நாலு நாளா தரையிலதான் சுத்தினு இருக்கா. கண்ணாடிய பிராண்டறா.”

“வயிறு?”

“உப்புனாப்புல கீது.”

டாக்டரிடம் உடனே காட்ட வேண்டும் என்றான். மறுநாளும் கூப்பிட்டான். அதற்கு மறுநாளும். நான் வேலைக்குப் போகிற டிராமில், சமையலறையில் இடைவேளையில், கடையில் வரிசையில் நிற்கும்போது என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ‘காலையில எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கா’. ஒரு நாள் போனை வைக்கிறதுக்கு முன்னால், “நீ ஏம்மா இப்படி டயர்டா இருக்க?” என்று என்னையும் கேட்டான்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். பச்சையம்மா பிழைக்க வேண்டும் என்று ஏரிக்கரை அம்மனை வேண்டிக்கொண்டேன். அது அவளுக்காக மட்டுமில்லை. அவள் போய்விட்டால் எனக்கும் என் பிள்ளைக்கும் நடுவில் பேச என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

3

ஊர்வன பார்க்கிற டாக்டர் எங்கள் நகரத்தில் கிடையாது. ரயிலில் போய், பஸ் மாறிப் போக வேண்டும். துணி போட்டு மூடிய ஒரு அட்டைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் உள்ளே கேக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரி மேஜையில் இருந்த பெண் முதலில் பிராணியைப் பார்க்கவில்லை, காகிதத்தைப் பார்த்தாள். இந்த நாட்டில் இந்த ஜாதியை வளர்க்கிறவர்கள் அது எங்கே பிறந்தது, யார் வீட்டில் பொரித்தது என்று ஒரு சான்று வைத்திருக்க வேண்டுமாம். கதிர் ஒழுங்கானவன், வைத்திருந்தான். அதைப் படித்துப் பார்த்தபோது எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். மகனுக்கு இந்த நாட்டுப் பாஸ்போர்ட். பச்சையம்மாவுக்கு இந்த நாட்டில் பிறந்தாள் என்ற சான்று. எங்கள் வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட்டையும் தங்கும் அனுமதி அட்டையையும் வைத்துக்கொண்டு, ஒன்றின் காலம் தீர்ந்தால் இன்னொன்றையும் மாற்றுவதற்கு ஆபீஸ் ஆபீஸாக வரிசையில் நிற்கிறவள் நான் ஒருத்திதான்.

“உரிமையாளர் உங்கள் மகன். ஆபரேஷன் தேவைப்பட்டால் அவருடைய கையெழுத்து வேண்டும்,” என்றாள் அந்தப் பெண்.

எனக்கு ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. அப்படியானால் அவன் வந்துதானே ஆகவேண்டும். அதற்குள் அவளே, “கவலைப்படாதீர்கள், ஈமெயிலில் அனுப்பினால் போதும்” என்றாள். வேண்டாத வசதி.

டாக்டர் சின்ன வயசுப் பெண். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் காட்டினாள். வயிறு முழுக்க வேர்க்கடலை அடைத்த மாதிரி முட்டை. நான் வாயைப் பிளந்தேன்.

“இவள் ஆணைக் கண்ணால் பார்த்ததே கிடையாதே டாக்டர்.”

ஆண் இல்லாமலே இந்த ஜாதிப் பெண் முட்டை கட்டும் என்றாள், ஆனால் குஞ்சு பொரிக்காது. அவள் அதற்கு ஏதோ நீளமான ஒரு வார்த்தை சொன்னாள். எனக்கு அது தேவைப்படவில்லை. சேவல் இல்லாத வீட்டுக் கோழி போடுவது கூமுட்டை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்னை வாரத்துக்கு நாலு தரம் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார். பாவம் பச்சையம்மா, கூமுட்டைக்காக உயிரை விடப் பார்க்கிறாள் என்று நினைத்தபோது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

முட்டை வெளியே வராவிட்டால் செத்துவிடுவாள். வயிற்றைத் திறந்தால் பிழைக்கலாம், ஆனால் ரொம்பப் பலவீனமாக இருக்கிறாள், மேஜையிலேயே போனாலும் போகலாம். அவளாக இட்டுவிட்டால்தான் நல்லது. கால்சியம் ஊசி போடுகிறேன் என்றாள் டாக்டர். கால்சியம் எனக்குத் தெரிந்த சமாச்சாரம். கன்று போட்ட மாடு எழுந்திருக்காமல் படுத்துவிட்டால் எங்கள் ஊருக்கு வருகிற மாட்டு டாக்டரும் முதலில் கால்சியம் பாட்டிலைத்தான் தொங்கவிடுவார். நான் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து, உங்களுக்கு இதில் அனுபவம் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். மாட்டில் என்று சொல்லவில்லை.

ஒரு வாளியில் ஆழமாக ஈர மணல் வைக்க வேண்டும், அதில் சுரங்கம் தோண்டித்தான் முட்டையிடுவாள் என்றாள். ஈரம் எவ்வளவு என்று கேட்டதற்கு, பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும் என்று கையால் காட்டினாள். கடலை விதைக்கிற பதம். அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு ஆபரேஷன் நேரம் குறித்து வைத்திருக்கிறேன், அதற்குள் இட்டுவிட்டால் ரத்து செய்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினாள்.

4

வாளியும் மணலும் அன்றைக்கே வாங்கிவிட்டேன். பெட்டிக்குள் வைத்தேன். நாற்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வேலைக்குப் போய் வந்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அங்கேதான். பீன்ஸ் நறுக்கியது அங்கே, சாப்பிட்டது அங்கே. அவளோடு பேசிக்கொண்டே இருந்தேன். “போடு கண்ணு, அவ்ளோதான், ஒண்ணும் இல்ல, நான் கீறேன்” என்று. இந்த வீட்டில் அத்தனை தமிழ் ஒரே நாளில் பேசி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

எங்கள் வீட்டில் மாடு கன்று போடுகிற அன்றைக்கு யாரும் அதைத் தனியாக விடுவதில்லை. அப்பா கொட்டகையிலேயே கட்டிலைப் போட்டுவிடுவார். அது படுத்தால் இவர் எழுந்திருப்பார், அது எழுந்தால் இவர் உட்காருவார். “ஆளு பக்கத்துல இருந்தா அதுக்குத் தெம்புடி” என்பார். அதனால் எனக்கு வேறு மாதிரி தோன்றவே இல்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. எனக்கு இங்கே பிரசவமானபோது பக்கத்தில் யாருமில்லை. வீட்டுக்காரர் வேலையிலிருந்து வர முடியவில்லை. நர்ஸ் வந்து வயிற்றில் மாட்டியிருந்த மிஷினைப் பார்த்துவிட்டுப் போவாள், அவள் சொன்னது எதுவும் எனக்குப் புரியாது. வலி வரும்போது சுவரில் மாட்டியிருந்த ஒரு கப்பல் படத்தைப் பார்த்துக்கொண்டு அம்மா அம்மா என்றேன். ‘மாமா’ என்று கூப்பிட்டால் அம்மா என்று இவர்களுக்கு விளங்கும், ‘அம்மா’ என்றால் விளங்காது. அந்த அறையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. இவளை அப்படி விடமாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன்.

பச்சையம்மா வாளிக்குள் இறங்கினாள். முன்னங்காலால் மணலைத் தள்ளினாள். நன்றாகப் பார்ப்பதற்காக நாற்காலியை இன்னும் கிட்டத்தில் போட்டேன். அவள் கண் இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். ஒரு கண் மணலில் இருந்தது, ஒரு கண் என்மேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தோண்டுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட்டாள். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாள் வாளிப் பக்கமே போகவில்லை. கண் உள்ளே போய்விட்டது.

கதிர் கூப்பிட்டான். “அம்மா, கீழே வச்சாளா?”

“எத்த கீழ வெச்சா?”

“முட்டைய.”

“முட்டைய போட்டாளான்னு கேளுடா. கீழ வெக்கிறதுக்கு அது இன்னா பையா?”

இந்த ஊர் மொழியில் முட்டையிடுவதற்கும் ஒரு சாமானைக் கீழே வைப்பதற்கும் ஒரே சொல்தான். லேகன். என் பிள்ளை அதை அப்படியே தமிழில் தூக்கிப் போட்டுவிட்டான். சிரித்தேன், அவனும் சிரித்தான். என் பேச்சை இங்கே கேட்டவர்கள் இதைவிட அதிகம் சிரித்திருப்பார்கள் என்று தெரிந்துதான் சிரித்தேன்.

அப்படிச் சிரிக்கிற மாதிரி ஒன்று அடுத்த நாளே நடந்தது. டாக்டரிடம் சொல்லலாம் என்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். லேகன் என்றால் இடுவது, லீகன் என்றால் படுப்பது. பதற்றத்தில் எனக்கு லீகன்தான் வந்தது.

“அவள் இன்னும் படுக்கவில்லை,” என்றேன்.

“ரொம்ப நல்லது,” என்றாள் மேஜைப் பெண்.

“என்ன நல்லது? படுக்காவிட்டால் செத்துவிடுவாளே.”

“இல்லை அம்மா, படுத்தால்தான் ஆபத்து. படுக்காதவரை பயமில்லை.”

“நான்கு நாளாகப் படு படு என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்,” என்று நான் கத்திவிட்டேன். அவள் பயந்துபோய் டாக்டரிடமே போனைக் கொடுத்துவிட்டாள்.

டாக்டருக்கு லேகனும் லீகனும் உடனே புரிந்துவிட்டது. அவளைப் பிடித்தது நான் சொன்ன வேறொரு வார்த்தை.

“பக்கத்தில் உட்கார்ந்தா?”

“ஆமாம். வீட்டில் இருக்கிற நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடவில்லை.” பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் இவள் முட்டையிடவே மாட்டாளாம். பார்க்கிற கண்ணெல்லாம் அவளுக்கு முட்டையைத் தின்ன வந்த கண். பாதி தோண்டிவிட்டு விட்டுவிடுவாள், முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். “நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்றுதான். அவளைப் பார்க்காதீர்கள்,” என்றாள். பெட்டியைச் சுற்றித் துணி கட்டி, முடிந்தால் ஒரு நாள் முழுக்க வீட்டைவிட்டு வெளியே போய்விடுங்கள், உங்கள் காலடிச் சத்தம்கூட வேண்டாம் என்றாள்.

5

போனை வைத்த கையோடு தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்த டாக்டரு சொல்றது கரெக்ட்டுதானக்கா,” என்றான். “உங்கண்ணுதான் பட்டிருக்கும்.”

“நானாடா கண்ணு வெக்கிறேன்? கூடவே ஒக்காந்துகினு இல்ல கீறேன்.”

“அதான் சொல்றேன். எந்நேரமும் அதயே பாத்துகினு ஒக்காந்தா அது இன்னா பண்ணும்? அப்பா கொட்டாய சுத்தி ஆயி பொடவய கட்டுவாரே, மறந்துட்டியா?”

ஆயி என்று அவன் சொல்வது எங்கள் அம்மாவை. மறக்கவில்லை. கன்று போடுகிற அன்றைக்கு ரோட்டுப் பக்கம் அம்மாவின் பழைய புடவையைத் திரையாகக் கட்டுவார் அப்பா, போகிற வருகிறவர்கள் கண் படக்கூடாது என்று. ஆனால் அது அயலார் கண்ணுக்கு. வீட்டு ஆள் உள்ளேதான் இருக்கும். இங்கே நான் வீட்டு ஆள் என்று நினைத்திருந்தேன். பச்சையம்மாவுக்கு நான் ரோட்டில் போகிற ஆள்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது, சொல்லப்போனால் நன்றாகவே வலித்தது.

“கதிரு வந்தானா?” என்றான் தம்பி.

“படிப்பு கீதுல்ல.”

“எம்மாம் தூரம்?”

“ரயில்ல அஞ்சு மணி நேரம்.”

“நம்ம ஊர்லருந்து மெட்ராஸ் போற தூரந்தான,” என்றான். நான் பேச்சை மாற்றி மாட்டைப் பற்றிக் கேட்டேன்.

அலமாரியிலிருந்து ஒரு நூல் புடவையை எடுத்தேன். இங்கே அதைக் கட்டிக்கொண்டு போக ஒரு இடமும் இல்லை. பெட்டியின் நான்கு பக்கமும் சுற்றி, ஊக்கு குத்தினேன். முந்தானை கண்ணாடிக் கதவுப் பக்கம் வந்தது. அவளைப் பார்க்காமல் உள்ளே விளக்கை மட்டும் சரிபார்த்தேன்.

6

எனக்கு விடுமுறை ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரே பூட்டிக் கிடக்கும், உப்பு வாங்கக் கடை இருக்காது. காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு இறங்கினேன். தெருவுக்கு வந்த பிறகுதான் எந்தப் பக்கம் போவது என்ற கேள்வி வந்தது.

நான் இந்த நகரத்துக்கு வந்து என் பிள்ளையின் வயசுக்கும் மேலே ஆகிறது. ஒரு நாள் முழுக்க வீட்டைவிட்டு வெளியே இரு என்று சொன்னதும் கதவைத் தட்டிப் போக ஒரு வீடு இல்லை. தமிழ்க் குடும்பங்கள் இல்லாமலில்லை. அவர்கள் எல்லாம் என் வீட்டுக்காரருடைய சிநேகிதர்கள் வழியில் வந்தவர்கள். நாங்கள் பிரிந்த பிறகு, பொங்கலுக்கு இரண்டு பேரில் யாரைக் கூப்பிடுவது என்ற சங்கடத்தில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்போது போகப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் காலையில், தேவாலய மணி அடிக்கிற அந்தத் தெருவில் நின்றுகொண்டு, யாராவது ஒருத்தி வீட்டுக்காவது விடாமல் போய்வந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

டிராமில் ஏறி கடைசி நிறுத்தம்வரை போனேன். இறங்கி, அதே டிராமில் திரும்பினேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம் நடந்தேன், குளிர் தாங்கவில்லை. கடைசியில் கால் பழக்கத்தில் என்னை வேலை செய்கிற இடத்துக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. முதியோர் இல்லத்தில் ஞாயிறுதோறும் பார்வையாளர் கூடம் திறந்திருக்கும், காபி இருக்கும், முக்கியமாகச் சூடு இருக்கும். சமையலறை வழியாகவே போய்வந்து பழகியவள், முதல் தடவையாக முன்வாசல் வழியாக உள்ளே போனேன்.

ஒரு மூலையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த லெமன் சாதத்தைத் திறந்தேன். பக்கத்து மேஜையில் ஒரு பெரியவர், மாடியில் குடியிருப்பவர், பிள்ளைகளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். வேலை உடையும் தொப்பியும் இல்லாததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தினமும் அவருக்கு உப்பில்லாத சூப் ஊற்றுகிறவள் நான்தான்.

“யாரைப் பார்க்க வந்தீர்கள்?” என்றார்.

யாரையும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. “வீட்டில் பிரசவம்,” என்றேன். “நான் இருந்தால் ஆகாது என்று டாக்டர் வெளியே அனுப்பிவிட்டார்.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “பாட்டியாகப் போகிறீர்கள். பேரனா, பேத்தியா?”

“இன்னும் தெரியவில்லை,” என்றேன்.

தன் மூத்த மகள் பிறந்த கதையைச் சொன்னார். பனிக்காலமாம், அவரையும் வெளியே தள்ளிவிட்டார்களாம், தெருவில் நடந்தே பூட்ஸ் தேய்ந்ததாம். மகள் இன்றைக்கு வருவாள் என்றார். எனக்கும் ஒரு காபி வாங்கிக் கொடுத்தார். மூன்று மணிக்கு அவர் மகளிடமிருந்து வரமுடியவில்லை என்று செய்தி வந்தது. ஒரு நர்ஸ் வந்து அவர் காதருகில் குனிந்து சொன்னாள். அவர் என்னைப் பார்த்து, “வேலை அதிகம் அவளுக்கு” என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அந்த வாக்கியத்தை வேறு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

இருட்டத் தொடங்குகிறவரை அங்கேயே இருந்தோம், அவரும் நானும்.

7

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். புடவைக்குள்ளே விளக்கு எரிந்தது. சத்தமில்லை. செத்துக் கிடந்தால் என்ன செய்வது என்று அப்போது நினைத்தேன், அவனுக்கு எப்படிச் சொல்வது என்றும் நினைத்தேன். ஊக்கைக் கழற்றி முந்தானையை ஓரமாக விலக்கினேன்.

வாளியில் மணல் மட்டமாக இருந்தது. மட்டம் என்றால், நான் காலையில் விட்டுப்போன மட்டமில்லை. அமுக்கி அமுக்கி மூடிய மட்டம், அதன்மேல் அவள் காலடி. பச்சையம்மா கிளையில் இருந்தாள். வயிறு ஒட்டிப்போய், பக்கத்துத் தோல் தொங்கி, ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற ஆளாகிவிட்டிருந்தாள். உடம்பெல்லாம் மணல். கறுப்பு போய்ப் பச்சை திரும்பிக்கொண்டிருந்தது. இலையில் தண்ணீரைத் தெளித்தேன். சொட்டு சொட்டாக விழ விழ நக்கிக் குடித்துக்கொண்டே இருந்தாள், நிறுத்தவே இல்லை.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல், சத்தமாக, ஊர்ப் பொம்பளை அழுகிற மாதிரி அழுதேன். எல்லாவற்றையும் தனியாகவே செய்துவிட்டாள் என்று இருந்தது. அது சந்தோஷமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்போதுதான் போன் அடித்தது. கதிர். வீடியோ இல்லை, ரோட்டில் நடந்துகொண்டே பேசினான், காற்றுச் சத்தம் கேட்டது.

“அம்மா, போட்டாளா?”

சரியாகக் கேட்டான். கீழே வச்சாளா என்று கேட்கவில்லை. நான் கற்றுக்கொடுத்ததை ஞாபகம் வைத்திருக்கிறான். வாயில் வந்துவிட்டது, போட்டுட்டாடா என்று. சொல்லியிருந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ‘அப்பாடா’ என்பான், ‘தேங்க்ஸ்மா’ என்பான், ‘அடுத்த ஞாயிறு பேசறேன்’ என்பான்.

“இன்னும் இல்லடா,” என்றேன்.

அவன் நடப்பது நின்றது.

“ரொம்ப மோசமா இருக்காளா?”

“கண்ணு உள்ள போயிடுச்சி.” அது பொய்யில்லை.

“நீ அழறியா?”

“இல்லடா.”

“கையெழுத்த ஈமெயில்ல அனுப்பலாம்னு இருந்தேன். வேணாம். நாளைக்கு வரேன். ஆபரேஷன் அப்போ நீ அங்க தனியா நிக்க வேணாம்,” என்றான். நீ என்றான். பச்சையம்மாவைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னான். மத்தியான ரயில் என்றான், சாவி இருக்கிறது, நானே திறந்து வந்துவிடுவேன் என்றான்.

காலையில் முதல் வேலையாக டாக்டருக்குப் போன் செய்து ஆபரேஷனை ரத்து செய்யச் சொல்வேன், இந்தத் தடவை லேகனைச் சரியாகச் சொல்லி. முட்டையை நான் தோண்டி எடுக்கவில்லை, மணலிலேயே இருக்கட்டும். அவன் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகப் பெட்டிக்குத்தான் போவான். வயிற்றைப் பார்த்த நொடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். ஏம்மா பொய் சொன்ன என்று திட்டுவான். திட்டட்டும், இந்த வீட்டில் நின்றுகொண்டுதானே திட்டுவான்.